கடன் அட்டையும் கொல்லைக் கீரையும்



போன மாத வகுப்பு முடிந்ததும் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, வேலைக்குப் போனதும் கிரெடிட் கார்டு எடுக்கலாமா, கூடாதா?" அன்றைக்கு என்னால் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. எனக்குச் சொந்தமாகக் கார்டு கிடையாது. ஆனால் கார்டு கடனை அடைப்பது எப்படி என்று தெரியும். எங்கள் வீட்டில் 16 மாதம் அதைத்தான் செய்தோம். அந்தக் கணக்கையே இந்த மாதப் பாடமாக எழுதுகிறேன். அப்பாவிடம் அனுமதி கேட்டேன். "எழுதுய்யா. தொகையை மறைக்காம எழுது, அப்பத்தான் நாலு பேருக்கு உதவும்" என்றார்.

1. இழுப்பறையில் இருந்த கடிதங்கள்

நாங்கள் ஜெஞ்சாரோமில் இருக்கிறோம். அப்பாவுக்குத் தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலை வேலை. ஓவர்டைம் சேர்த்து மாதம் 3,100 வெள்ளி. அம்மா வீட்டில் துணி தைத்துக் கொடுக்கிறார். நான் வீட்டிலிருந்தே போய்வந்து பொறியியல் படிக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு பாரத்துக்காக அப்பாவின் சம்பளச் சீட்டு தேவைப்பட்டது. இழுப்பறையைத் திறந்தேன். வங்கிக் கடிதங்கள் ஒரு கட்டாக இருந்தன. சில உறைகள் பிரிக்கப்படவே இல்லை. கடைசிக் கடிதத்தில் பாக்கி 6,000 வெள்ளி என்று இருந்தது.

பழைய கடிதங்களைத் தேதி வாரியாக அடுக்கினேன். பாட்டியின் காரியச் செலவு கொஞ்சம். பெட்ரோல், மளிகை, டயர். நடுவில் ஒரு பெரிய தொகை: 2,900 வெள்ளி. கடையின் பெயரைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. இந்தக் கட்டுரையைத் தட்டச்சு செய்கிறேனே, இதே லேப்டாப்.

அன்றிரவு கேட்டேன். "அப்பா, கார்டுல ஆறாயிரம் இருக்கே?"

"அதெல்லாம் ஒனக்கு எதுக்கு? மாசாமாசம் கட்டிக்கிட்டுத்தானே இருக்கேன். நீ படிக்கிற வேலையப் பாரு."

அவர் பொய் சொல்லவில்லை. மாதம் 300 வெள்ளி கட்டிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் கடன் 6,000-ஐ விட்டு அசையவில்லை. ஏன்? அதுதான் இந்தப் பாடத்தின் முதல் கேள்வி.

2. கட்டியும் ஏன் குறையவில்லை?

கார்டில் வாங்கியதை முழுவதும் தவணைத் தேதிக்குள் கட்டிவிட்டால் வட்டி கிடையாது. பாக்கி வைத்தால்தான் வட்டி. நம் நாட்டில் அந்த வட்டிக்கு மூன்று படிகள் உண்டு. தொடர்ந்து 12 மாதம் குறைந்தபட்சத் தொகையைத் தேதி தவறாமல் கட்டியவருக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு வரை. 12 மாதத்தில் 10 முறையாவது ஒழுங்காகக் கட்டியவருக்கு 17 வரை. மற்றவர்களுக்கு 18 வரை. அப்பா மூன்று முறை தேதி தவறியிருந்தார். அதனால் 18.

18 விழுக்காடு என்றால் மாதத்துக்கு ஒன்றரை. 6,000 வெள்ளிக்கு மாத வட்டி 90 வெள்ளி. அப்பா கட்டிய 300-இல் 90 வட்டிக்குப் போய்விடும். மீதி 210 தான் கடனைக் குறைக்கும். ஆனால் 300 வெள்ளி கார்டுக்குப் போனதால் மாதக் கடைசியில் கையில் காசு இருக்காது. பெட்ரோலுக்கும் மளிகைக்கும் மறுபடி கார்டைத் தேய்ப்பார். எவ்வளவு தெரியுமா? சராசரியாக 210. கட்டுவதும் தேய்ப்பதும் சரிக்குச் சரி. ஓட்டை வாளியில் தண்ணீர் இறைத்த கதைதான்.

இன்னொன்றும் கவனியுங்கள். பழைய பாக்கி இருக்கும்போது புதிதாக வாங்கும் பொருளுக்கு அந்த வட்டியில்லாக் காலச் சலுகை கிடையாது. கணக்கில் ஏறிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

3. குறைந்தபட்சம் என்ற வலை

கடிதத்தில் "குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை" என்று ஒன்று போட்டிருக்கும். பொதுவாகப் பாக்கியில் 5 விழுக்காடு, அல்லது 50 வெள்ளி, எது அதிகமோ அது. பாக்கி குறையக் குறைய இந்தத் தொகையும் குறையும். பார்க்க நல்லதுபோலத் தெரியும். விஷயமே அங்கேதான் இருக்கிறது. கார்டைத் தொடவே இல்லை என்று வைத்துக்கொண்டு, 18 விழுக்காட்டில், மூன்று விதமாகக் கணக்குப் போட்டேன்.

அ) குறைந்தபட்சத்தை மட்டும் கட்டினால்: முதல் மாதம் ஏறக்குறைய 300 வெள்ளி. பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி 50-இல் வந்து நிற்கும். கடன் தீர 6 வருடத்துக்கு மேல். வட்டி சுமார் 2,300 வெள்ளி.

ஆ) அதே 300-ஐக் குறைக்காமல் மாதாமாதம் கட்டினால்: 24 மாதம். வட்டி சுமார் 1,190 வெள்ளி.

இ) மாதம் 500 கட்டினால்: 14 மாதம். வட்டி சுமார் 670 வெள்ளி.

முதல் இரண்டையும் மறுபடி பாருங்கள். இரண்டுமே 300-இல்தான் தொடங்குகின்றன. வங்கி குறைத்துக் கேட்டாலும் நாம் குறைத்துக் கட்டக்கூடாது. அந்த ஒரு பிடிவாதம் 4 வருடத்தையும் ஆயிரம் வெள்ளிக்கு மேல் வட்டியையும் மிச்சப்படுத்துகிறது.

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அப்பாவின் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் இரவு அவரே கேட்டார்: "ஐந்நூறுன்னா, இருநூறு கூட வேணுமே. எங்கேருந்து வரும்?"

4. எங்கேருந்து வந்தது?

அம்மா முதலில் கூட்டுப் பிடிக்கலாம் என்றார். பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று: நம்முடைய "கூட்டு" என்ற சொல் மலேசியச் சட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. 1971-ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டம். கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வது குற்றம். காசோடு ஆள் காணாமல் போனால் யாரிடம் போய் முறையிடுவது? அதனால் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். வீட்டுச் செலவையே பார்ப்போம் என்றோம்.

ஒரு மாதம் எதையும் குறைக்கவில்லை. எழுத மட்டும் செய்தோம். அம்மா ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு சென்னையும் எழுதினார். மாதக் கடைசியில் நாங்கள் மூவரும் உட்கார்ந்து பார்த்தோம்.

வெளிச் சாப்பாடு: வாரம் இரண்டு முறை தப்பாவ், ஒவ்வொன்றும் 30 வெள்ளி. அதை மாதம் இரண்டு முறையாக்கினோம். மிச்சம் 180.

என் மதியச் சாப்பாடு: வீட்டிலிருந்து டப்பா. மிச்சம் 90. முதல் வாரம் கூச்சமாக இருந்தது உண்மை. மூன்றாவது வாரம் இரண்டு நண்பர்களும் டப்பா கொண்டுவர ஆரம்பித்துவிட்டார்கள்.

தொலைக்காட்சி, தொலைபேசி: சேனல்களைக் குறைத்தோம். என் எண்ணை பிரீபெய்டுக்கு மாற்றினேன். மிச்சம் 75.

சமையலறை: அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாம் மாதம் ஒரே தடவை, சீட்டு எழுதிக்கொண்டு. காய்கறி பாந்திங் சந்தையில். கொல்லையில் முருங்கையும் கறிவேப்பிலையும் ஏற்கெனவே இருந்தன. காங்கோங்கும் தண்டுக்கீரையும் போட்டோம். மிச்சம் 40.

மின்சாரம்: ஒரு ஹார்ஸ்பவர் ஏர்கோன் ஓடினால் சுமார் முக்கால் கிலோவாட் இழுக்கும். இரவு 8 மணி நேரம் நிற்காமல் ஓடினால் 6 யூனிட். சீலிங் ஃபேனுக்கு அதே நேரத்தில் அரை யூனிட்டுக்குச் சற்று மேல். அறை குளிர்ந்ததும் ஏர்கோன் தானே நிற்கிற மாதிரி டைமர் வைத்துவிட்டு ஃபேனைப் போட்டோம். மிச்சம் 35.

கூட்டிப் பாருங்கள்: 420 வெள்ளி.

இதில் முதல் 210 கார்டுக்குப் போகவில்லை. கார்டைத் தேய்ப்பதை நிறுத்துவதற்கே போனது. பெட்ரோலும் மளிகையும் இனி கையிலிருக்கும் காசில். ஓட்டையை அடைத்த பிறகுதான் மீதி 200-ஐ 300-உடன் சேர்த்து 500 ஆக்க முடிந்தது. பலர் சிக்கனம் செய்தும் கடன் குறையவில்லை என்று சலித்துக்கொள்வது இதனால்தான். ஒரு பக்கம் மிச்சம் பிடித்து, மறுபக்கம் கார்டைத் தேய்த்தால் ஒன்றும் நடக்காது.

இன்னொரு பாடம் அம்மா சொல்லிக் கொடுத்தது. "மிச்சம் புடிச்ச காசு கையில இருந்தா அது மிச்சமே இல்ல." தப்பாவ் வாங்காத அன்று இரவே 30 வெள்ளியை மைலோ டின்னில் போட்டுவிடுவார். சம்பளம் வந்த அன்றே அப்பா 500-ஐக் கார்டுக்கு அனுப்பிவிடுவார். டின்னில் இருப்பது மாதக் கடைசிச் செலவுக்கு. முதலில் கடன், மீதியில் வாழ்க்கை. முன்பு இது தலைகீழாக இருந்தது.

எல்லாம் சரியாகப் போகவில்லை. ஐந்தாம் மாதம் வண்டி பழுதாகி, 400 வெள்ளியைக் கார்டில்தான் தேய்க்க வேண்டி வந்தது. மூன்று மாதம் 300-க்கு மேல் கட்ட முடியவில்லை. தீபாவளிக்கு ஆளுக்கு ஒரு உடுப்புதான். கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குப் போய், பார்த்துவிட்டு, ஒரே பையோடு திரும்பினோம். தங்கை முகம் வாடியது. முறுக்கை வீட்டிலேயே சுட்டபோது அவளே மாவு பிசைய வந்தாள். 14 மாதத்தில் முடிய வேண்டியது 16 ஆனது. ஆனால் முடிந்தது. 12 மாதம் தேதி தவறாமல் கட்டியதும் வட்டியும் 15-க்கு இறங்கியது.

5. சிக்கனத்தால் மட்டும் முடியாதபோது

நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். 6,000 வெள்ளிக் கடனைக் கீரையும் டப்பாவும் தீர்க்கலாம். 40,000 வெள்ளிக் கடனைத் தீர்க்காது. குறைந்தபட்சத்தையே கட்ட முடியாத நிலை வந்தால் ஏகேபிகே அலுவலகத்துக்குப் போங்கள். அது பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம். ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது. தகுதி இருந்தால், அவர்களே வங்கிகளோடு பேசி ஒரு திருப்பிச் செலுத்தும் திட்டம் போட்டுத் தருவார்கள்.

இதை விட்டுவிட்டு ஒரு கார்டை அடைக்க இன்னொரு கார்டில் ரொக்கம் எடுக்காதீர்கள். ரொக்கத்துக்கு எடுத்த நாளிலிருந்தே வட்டி, கூடவே கட்டணமும். ஆலோங்கிடம் போவது பற்றிச் சொல்லவே வேண்டாம். சுவரில் சிவப்புச் சாயம் அடித்த வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம்.

6. தருமம் என்ன சொல்கிறது?

மகாபாரத வன பர்வத்தில் யக்ஷப் பிரச்னம் வருகிறது. பொய்கைக் கரையில் தம்பிகள் நால்வரும் உயிரற்றுக் கிடக்கிறார்கள். யக்ஷன் கேட்கும் கேள்விகளுக்குத் தருமர் பதில் சொன்னால்தான் அவர்களுக்கு வழி. அதில் ஒரு கேள்வி: மகிழ்ச்சியாக இருப்பவன் யார்? அரசன், அறிஞன், வீரன் என்று தருமர் சொல்லவில்லை. கடன் இல்லாமல், பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் அலையாமல், தன் வீட்டில் கொஞ்சம் கீரை சமைத்துச் சாப்பிடுகிறவன் என்கிற பொருளில் பதில் சொல்கிறார். நாடு இழந்து காட்டில் இருந்த ஓர் அரசர் சொன்ன பதில் இது.

முன்பு வகுப்பில் இதைப் படித்தபோது கீரைக்கும் கடனுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றியது. எங்கள் கொல்லையில் கீரை பறித்தபோது புரிந்தது. இரண்டையும் தருமர் ஒரே மூச்சில் சொன்னது தற்செயல் அல்ல.

நம் மண்ணிலும் இதற்கு உதாரணம் உண்டு. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் வீடிழந்து நின்ற காலத்தில், 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டிய நம் தாத்தா பாட்டிகள் நாட்கூலியிலிருந்து சிறுகச் சிறுகக் கொடுத்த காசில் தோட்டங்களே வாங்கப்பட்டன. அவர்களைவிட நாம் வசதியாகத்தான் இருக்கிறோம்.

7. தம்பிக்குப் பதில்

கார்டு எடுக்கலாமா? ஆண்டு வருமானம் 24,000 வெள்ளி இருந்தால்தான் எடுக்க முடியும். அது சட்டத்தின் அளவு. மாதாமாதம் முழுத் தொகையையும் கட்ட முடிந்தால் எடுக்கலாம். அது நம் அளவாக இருக்கட்டும். ஆனால் அதற்கு முன்பு வீட்டில் போய் அப்பா அம்மாவிடம் பேசுங்கள். நம் படிப்புக்காகவும் நம் ஆசைக்காகவும் எந்த இழுப்பறையில் எந்தக் கடிதம் கிடக்கிறதோ, நமக்குத் தெரியாது. குற்றம் சாட்டுகிற மாதிரிக் கேட்காதீர்கள். "நானும் சேர்ந்து கட்டுறேன்" என்று கேளுங்கள். அப்படிக் கேட்ட பிறகுதான் என் அப்பாவும் வாய் திறந்தார்.

வீட்டுப் பயிற்சி

1. இந்த மாதம் முழுதும் உங்கள் கைச்செலவை ஒரு சென்கூட விடாமல் எழுதுங்கள். எதையும் குறைக்க வேண்டாம்.

2. வீட்டில் கார்டு பாக்கி இருந்தால், பாக்கித் தொகையை 0.015-ஆல் பெருக்குங்கள். 18 விழுக்காட்டில் ஒரு மாத வட்டி அதுதான். வீட்டில் அனைவருக்கும் அந்த எண் தெரியட்டும்.

3. மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று குடும்பமாக முடிவு செய்யுங்கள். வங்கி குறைத்துக் கேட்டாலும் அதைக் குறைக்காதீர்கள்.

4. கலந்துரையாட: தருமர் சொன்ன மகிழ்ச்சிக்கு உங்கள் வீட்டில் எது குறுக்கே நிற்கிறது? அடுத்த வகுப்பில் பேசுவோம்.