மாடியிலிருந்து இறங்கிய பேதுரு

அன்புள்ள தம்பிக்கு,

திடப்படுத்தல் ஆயிற்று, விசுவாசத்தைச் சபை முன்னால் அறிக்கையிட்டும் ஆயிற்று, பிறகு தினம் தினம் வேதமும் ஜெபமும் எதற்கு என்று கேட்டிருக்கிறாய். இன்னொரு பக்கத்தில், சபை காலத்துக்கேற்ப மாறினால் அது பின்வாங்குதல் ஆகாதா என்றும் கேட்டிருக்கிறாய். இரண்டும் ஒரே கேள்வி என்றுதான் எனக்குப் படுகிறது. தினசரி ஜெபம் பழையதைக் காக்கிற வேலி, மாற்றம் வேலிக்கு வெளியே நிற்கிற ஆபத்து என்று நீ பிரித்துக்கொண்டிருக்கிறாய். ஆனால் ஆதித் திருச்சபை கண்ட ஆகப்பெரிய மாற்றம், ஒருவர் வழக்கம்போல் ஜெபிக்கப் போன இடத்தில்தான் அவரைத் தேடி வந்தது.

அப்போஸ்தலர் நடபடிகள் பத்தாம் அதிகாரத்தை எடுத்துக்கொள். பேதுரு யோப்பாவில், கடலோரத்தில், தோல் பதனிடுகிற சீமோன் வீட்டில் தங்கியிருக்கிறார். செத்த மிருகங்களோடு புழங்குகிற அந்தத் தொழிலை அன்றைய யூத சமூகம் மதிக்கவில்லை. அந்த வீட்டில் தங்குகிற அளவுக்கு அவர் ஏற்கெனவே இளகியிருந்தார் என்றே நான் வாசிக்கிறேன். (புறஜாதியாரிடம் போக மனமில்லாமல் யோனா கப்பல் ஏறியதும் இதே யோப்பாவில்தான்.) ஆறாம் மணி வேளை, அதாவது உச்சிப்பொழுது. வீட்டின்மேல் ஏறி ஜெபிக்கிறார். தானியேல் காலம் தொட்டு நாளுக்கு மூன்று வேளை ஜெபிப்பது யூத பக்தர்களுக்குப் பழக்கமானதுதான். விசேஷ உபவாசக் கூட்டம் எதுவும் அங்கே நடக்கவில்லை. பசி எடுக்கிறது, கீழே சமையல் நடக்கிறது. அப்போது நான்கு முனையும் கட்டிய பெரிய துப்பட்டி போல் ஒன்று வானத்திலிருந்து இறங்குகிறது. அதற்குள் நியாயப்பிரமாணம் விலக்கிய மிருகங்களும் ஊர்வனவும் பறவைகளும். அடித்துச் சாப்பிடு என்கிறது குரல். மாட்டேன் என்கிறார் பேதுரு. மூன்று முறை இது நடக்கிறது. மறுக்கிறவர் யார் என்று பார். பெந்தெகொஸ்தே நாளில் பிரசங்கித்தவர், அதே ஊரில் சற்று முன்புதான் தபீத்தாளை உயிரோடு எழுப்பியவர். தீட்டான எதையும் தின்றதில்லை என்பதுதான் அவருடைய வாதம். அவரைத் தடுத்துக்கொண்டிருந்தது அவருடைய பக்தியே.

இந்த இடத்தில் உன்னைவிடக் கூர்மையான ஒருவர் குறுக்கிடுவார்: தினமும் ஜெபிக்கிறவர்கள்தானே யாரையும்விட அதிகமாக மாற மறுக்கிறார்கள்? நியாயமான கேள்வி. அதற்குச் சாட்சி நம் மண்ணிலேயே இருக்கிறது. சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு ஒழிய வேண்டும் என்று கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833இல் தென்னிந்தியச் சபைகளுக்குக் கடிதம் அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் எதிர்ப்பு மூண்டது; சபையை விட்டே போனவர்களும் உண்டு. அவர்கள் ஜெபம் தெரியாதவர்கள் இல்லை. தலைமுறைகளாகத் தமிழில் வேதம் வாசித்தவர்கள், கீர்த்தனை பாடியவர்கள். ஆனால் கோயிலில் யார் எங்கே உட்காருவது, நற்கருணைக்கு யார் முதலில் வருவது என்ற விஷயத்தில் மட்டும் அசையவில்லை. சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கிற ஊர்கள் இன்றும் தமிழ்நாட்டில் இருக்கின்றன. ஆகவே ஜெபித்தால் தானாக மாறிவிடுவோம் என்று நான் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் பேதுரு ஏன் மாறினார்? தரிசனத்தோடு அதிகாரம் முடியவில்லை. அவர் ஒன்றும் புரியாமல் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, செசரியாவிலிருந்து நூற்றுக்கு அதிபதி கொர்நேலியு அனுப்பிய மூன்று பேர் வாசலில் நின்று அவர் பெயரைச் சொல்லி விசாரிக்கிறார்கள். மூவரில் ஒருவன் போர்ச்சேவகன். ஆவியானவர் இறங்கிப் போகச் சொல்கிறார், இறங்குகிறார். வந்த காரணம் கேட்கிறார், அன்று இரவு அவர்களைத் தங்க வைக்கிறார், மறுநாள் கூடவே புறப்படுகிறார். மாடியில் விளங்காத தரிசனம் கொர்நேலியுவின் வீட்டுக்குள் நிற்கும்போதுதான் அவருக்கு விளங்குகிறது: எந்த மனிதனையும் தீட்டென்று சொல்லக்கூடாது. வாசலில் நின்றவர்களை அனுப்பிவிட்டு அவர் ஜெபத்தைத் தொடர்ந்திருந்தால் துப்பட்டி ஒரு விசித்திரக் கனவாகவே போயிருக்கும். தஞ்சாவூர்க்காரர்களிடம் இல்லாமல் போனது இந்த இறங்குதல்தான்.

அடுத்த ஆட்சேபம் உன்னுடையதே. யார் வேண்டுமானாலும் ஆண்டவர் பேசினார் என்று சொல்லிக்கொண்டு எதையும் மாற்றிவிடலாமே? பேதுரு தனியாகப் போகவில்லை, ஆறு சகோதரரைக் கூட்டிக்கொண்டு போனார். புறஜாதியார் வீட்டுக்குப் போனதைப் பற்றி எருசலேமில் இருந்த சகோதரர் கேள்வி கேட்டார்கள். அப்போஸ்தலனையே கேட்பதா என்று அவர் கோபப்படவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்லி, சாட்சிகளைக் காட்டினார். பதினைந்தாம் அதிகாரத்தில் விஷயம் மறுபடி ஆலோசனைக்கு வந்தது, யாக்கோபு அதைத் தீர்க்கதரிசிகளின் வார்த்தையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். தென்னிந்தியத் திருச்சபை பிறந்ததும் அவசரத்தில் இல்லை. 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு, 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் நிறைவேற 28 ஆண்டுகள் பிடித்தன. கேள்விக்கு உட்பட மறுக்கிற புதுமையை நீ தாராளமாகச் சந்தேகிக்கலாம்.

சரி, ஒரு முறை மாறினால் போதாதா, தினமும் ஏன்? இதற்குப் பதில் கலாத்தியர் இரண்டாம் அதிகாரம். அதே பேதுரு, அந்தியோகியாவில் புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் மெல்ல விலகிக்கொள்கிறார். அவரைப் பார்த்து மற்ற யூதரும் விலகுகிறார்கள், பர்னபா உட்பட. பவுல் எல்லார் முன்னாலும் முகத்துக்கு நேராகக் கண்டிக்கிறார். பேதுருவின் உபதேசம் மாறவில்லை என்பதைக் கவனி. யோப்பாவில் கற்றதை அவர் மறக்கவும் இல்லை. வந்திருக்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம் பழைய பழக்கத்தைக் கூட்டி வந்துவிட்டது, அவ்வளவுதான். வனாந்தரத்தில் ஓய்வுநாளுக்கென்று சேர்த்தது தவிர, மறுநாளைக்கு மீத்து வைத்த மன்னா புழுத்துப்போனது. நேற்றைய கீழ்ப்படிதலும் அப்படித்தான் போலும். உள்ளான மனிதன் நாளுக்கு நாள் புதுப்பிக்கப்படுவதாகப் பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை நான் இந்த வெளிச்சத்தில்தான் புரிந்துகொள்கிறேன். 1517இல் லூத்தர் எழுதிய 95 கருத்துரைகளில் முதலாவது, விசுவாசியின் முழு வாழ்க்கையும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதே.

காலையில் எத்தனை நிமிடம், எந்த அதிகாரத்திலிருந்து என்று கேட்டிருந்தாய். நிமிடத்தை உன் வேலை பார்த்து நீயே வைத்துக்கொள். ஜெபத்தில் பசித்தால், மனம் அடுப்படிக்கு ஓடினால், அதற்காகக் கலங்காதே. பேதுருவுக்கும் அப்படித்தான் இருந்தது. முதல் நாள் நடபடிகள் 10, மறுநாள் 11, மூன்றாம் நாள் கலாத்தியர் 2. மூன்றாம் நாள் ஜெபத்திலிருந்து எழுந்திருப்பதற்கு முன், யார் வீட்டில் சாப்பிட உனக்குத் தயக்கம் என்று ஒரு தாளில் பெயர் சொல்லியே எழுது. அடுத்த கடிதத்தில் எனக்கு அந்தப் பெயர்களை அனுப்ப வேண்டாம். போய்ச் சாப்பிட்டால் மட்டும் எழுது.

அன்புடன்,
அண்ணன்