சூட்டில் நீளும் குழாயும் துருத்தி இணைப்பும்

வெயில் ஏறும்போது லயத்துக் கூரைத் தகரம் 'டக், டக்' என்று சத்தம் போடுவதைக் கேட்டிருப்பீர்கள். சூடு பட்டால் உலோகம் நீளும். 10 மீற்றர் இரும்புக் குழாயின் சூடு 100 பாகை கூடினால் அது ஏறக்குறைய 12 மில்லிமீற்றர் நீளும். "இம்புட்டுத்தானா?" என்று நினைக்க வேண்டாம். நீள இடமில்லாவிட்டால் குழாய் வளையும், மூட்டு விட்டுப்போகும், தாங்கி உடையும்.

இதற்காகத்தான் ஆலைகளின் நீராவிக் குழாய்களுக்கு நடுவே எக்ஸ்பான்ஷன் ஜொயின்ட் வைக்கிறார்கள். இது துருப்பிடிக்காத மெல்லிய உருக்கில், ஆர்மோனியப் பெட்டித் துருத்திபோல மடிப்பு மடிப்பாகச் செய்த துண்டு. குழாய் நீண்டால் இது சுருங்கும்; குழாய் ஆறினால் விரியும்.

வளைந்து கொடுப்பதே இதன் பலவீனமும். உள்ளே இருக்கும் அழுத்தம் துருத்தியை இழுத்து நீட்டப் பார்க்கும். ஆகவே குழாயை இறுக்கிப் பிடிக்கும் பிடிமானமும், நேராக நகரவைக்கும் வழிகாட்டியும் கட்டாயம் வேண்டும்.

இதை மறந்ததால் வந்த விபரீதம் ஒன்றைக் கேளுங்கள். இங்கிலாந்தில் ஃபிளிக்ஸ்பரோ என்ற இடத்தில் நைலோனுக்கு மூலப்பொருள் செய்யும் ஆலை இருந்தது. 1974 மார்ச்சில், வரிசையாக நின்ற 6 கலன்களில் ஐந்தாவதில் வெடிப்புக் கண்டார்கள். அதைக் கழற்றிவிட்டு, நாலாவதையும் ஆறாவதையும் சேர்க்க வளைவுள்ள குழாய் ஒன்றை அவசரமாகச் செய்தார்கள். இரு முனையிலும் துருத்தி இணைப்பு. கீழே தாங்கியது வெறும் சாரக்கட்டு. வரைபடம் என்று இருந்தது பட்டறைத் தரையில் சோக்கட்டியால் கீறியது மட்டுமே. வளைந்த குழாயை அழுத்தம் திருப்பிவிடும் என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை. ஜூன் 1ஆம் திகதி மாலை குழாய் பிய்த்துக்கொண்டது. வெளியேறிய ஆவி வெடித்து 28 தொழிலாளர் மாண்டனர். அன்று சனிக்கிழமை. வேலை நாளாக இருந்தால் இன்னும் எத்தனையோ பேர் போயிருப்பார்கள்.

பொயிலர் உள்ள இடத்தில் வேலை செய்வோர் கவனிக்க வேண்டியவை:

* துருத்தி இணைப்பின்மேல் ஏறாதீர்கள், பாரம் தொங்கவிடாதீர்கள்.
* மடிப்பு நெளிந்தால், ஆவி கசிந்தால், பிடிமானம் தளர்ந்தால் கிட்டப் போகாமல் உடனே பொறுப்பானவருக்குச் சொல்லுங்கள்.
* வெடிப்பை நீங்களாக வெல்டிங் வைத்து அடைக்காதீர்கள்.
* குழாயை மாற்றிப் போட்டால், "எஞ்சினியர் பார்த்தாரா?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

"இப்போதைக்குத்தானே" என்று போட்ட குழாய்க்குள்ளும் அதே அழுத்தம்தான் ஓடுகிறது.