துடுப்புப் பயிற்சி

விழுப்புரத்தை அடுத்த பனமலையில் ஓர் அழகிய குன்று உண்டு. அதன்மேல் நின்று நோக்குவோர்க்குக் கீழே பரந்து கிடக்கும் ஏரி கண்ணுக்கு விருந்தாகும். அக்குன்றின்மீது பல்லவ மன்னன் இராசசிம்மன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில் விளங்குகின்றது. அங்கே சுவரில் தீட்டப்பெற்ற உமையம்மையின் ஓவியம் ஏறத்தாழ 1,300 ஆண்டுகள் கடந்தும் நம் உள்ளத்தைக் கவர்கின்றது. ஆயினும், சுதை உதிர்ந்த இடங்களில் ஓவியமும் உடன் மறைந்துவிட்டது. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்னும் பழமொழியின் உண்மையை இது காட்டுகின்றதன்றோ?

இப்பழமொழி விளையாட்டிற்கும் பொருந்தும். உடல் வலிமை சுவர். செயல் திறன் சித்திரம். இவ்விரண்டையும் ஒருங்கே வளர்க்கும் பயிற்சிகளுள் ஒன்று, நீர்நிலைகளில் 'கயாக்' என்னும் சிறுபடகைச் செலுத்துதலாகும்.

வடதுருவத்தை அடுத்த பனிநாடுகளில் வாழும் இன்யூட் மக்களின் முன்னோர், மரத்தாலும் எலும்பாலும் சட்டம் அமைத்து, அதன்மேல் கடல்நாயின் தோலைப் போர்த்து இப்படகைச் செய்தனர், அதிலேறி வேட்டையாடினர். உயிர் காக்க எழுந்த அக்கலை, 1936ஆம் ஆண்டில் பெர்லின் ஒலிம்பிக்கில் போட்டி விளையாட்டாக இடம்பெற்றது. நம் நாட்டிலும் படகுப் பயிற்சி புதியதன்று. சென்னையில் அடையாற்றங்கரைப் படகுக் கழகம் 1867ஆம் ஆண்டிலேயே தோன்றியது. அங்கே துடுப்பு வலிப்போர் படகு செல்லும் திசைக்கு முதுகு காட்டி அமர்வர். கயாக் செலுத்துவோரோ முன்னோக்கி அமர்ந்து, இருமுனைகளிலும் இலைபோன்ற தட்டையுடைய துடுப்பை இடமும் வலமும் மாறிமாறி இடுவர்.

புதிதாகப் பயில்வோர், கைவலிமையே போதும் என எண்ணுவர். சிறிது நேரத்தில் தோள் நோகும். படகும் நேர்வழி விட்டு விலகும். பயின்றவரோ இடுப்புக்கு மேற்பட்ட உடலைத் திருப்பி, பாதத்தின் அருகே துடுப்பை நீரில் ஊன்றுவார். அதே பக்கத்துக் காலால் மிதிகட்டையை உதைத்து, திருப்பிய உடலை மீட்பார். துடுப்பு இடுப்பருகே வந்ததும் அதனை வெளியே எடுப்பார். இவ்வாறு கால், இடுப்பு, முதுகு, தோள் ஆகிய யாவும் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். துடுப்பை இறுகப் பற்றாமையும் இன்றியமையாதது.

இத்திறன் ஒரு நாளில் வருவதன்று. முதலில் மெல்லச் செலுத்தி முறையைப் பழக வேண்டும். பின்னர்ச் சிறிது விரைந்தும் சிறிது தளர்ந்தும் மாறிமாறிச் செலுத்தினால் இதயமும் நுரையீரலும் உரம் பெறும். ஒன்றை மறத்தலாகாது. களைப்பு மிகுந்தால் முறை குலையும். குலைந்த முறையே பலகால் செய்யப்பட்டால் பழக்கமாகிவிடும். ஆதலின், அந்நேரத்தில் துடுப்பைக் கீழே வைப்பதே அறிவுடைமை. உடல் உரம் பெறப்பெற, முறை குலையாது நெடுந்தொலைவு செலுத்த இயலும். சுவர் உறுதியானால் சித்திரமும் நிலைபெறும்.

செருமானிய நாட்டு வீராங்கனை பிர்கிட் பிஷர் 1980ஆம் ஆண்டில், தம் 18ஆம் வயதில் ஒலிம்பிக்கில் முதல் தங்கப் பதக்கம் பெற்றார். 2004ஆம் ஆண்டில், 42ஆம் வயதில் எட்டாவது தங்கப் பதக்கத்தையும் வென்றார். இளமையின் வேகம் மட்டும் அவ்வெற்றியைத் தந்திருக்குமோ? இடையிடையே ஓய்வு கொண்டபோதும் அவர் மீண்டும் மீண்டும் பயிற்சிக்குத் திரும்பினார்.

மாணவர்களே! நீந்தக் கல்லாதவர் படகேறுதல் கூடாது. கற்றவரும் மிதவைச் சட்டை அணிந்து, பயிற்றுநர் துணையுடனேயே நீரில் இறங்குதல் வேண்டும். படகு கிட்டாதோர் வருந்த வேண்டா. ஓட்டம், நீச்சல், சிலம்பம் ஆகிய எதனை மேற்கொண்டாலும் இந்நெறி ஒன்றே. நாள்தோறும் சிறிது செய்க. முறை பிறழாது செய்க. உடலும் திறனும் ஒருங்கே வளரும்.