ரப்பர் கொட்டையைச் சாப்பிடலாமா?

கேள்வி: எங்கள் பழைய தோட்டத்தில் பால்மரக் கொட்டைகள் கொட்டிக் கிடக்கின்றன. வறுத்துச் சாப்பிட்டால் உடம்புக்குச் சத்துதானா? – வாசகி, காம்பார்.

பதில்: சத்து உண்டு அம்மா, ஆனால் நஞ்சும் உண்டு. வெறுமனே வறுத்துச் சாப்பிடவே கூடாது.

உலர்ந்த பருப்பில் ஏறக்குறைய பாதி எண்ணெய். சுமார் ஐந்தில் ஒரு பங்கு புரதம். எண்ணெயில் உடலுக்குத் தேவையான லினோலெயிக், லினோலெனிக் கொழுப்பு அமிலங்களும் இருக்கின்றன. கூடவே லினமாரின் என்ற பொருளும் இருக்கிறது. மரவள்ளிக் கிழங்கில் இருப்பதும் இதுவே. பருப்பை நசுக்கினால் அதிலுள்ள நொதி லினமாரினைச் சிதைக்க, ஹைட்ரஜன் சயனைடு வெளியாகிறது. முழுப் பருப்பை அப்படியே சூடாக்கினால் நொதி செயலிழக்கும். லினமாரின் உள்ளேயே தங்கிவிடும். வறுவல் போதாது என்பது இதனால்தான்.

பகாங்கின் தெமெர்லோ வட்டாரத்தில் இந்தக் கொட்டையிலிருந்து ‘அசாம் ரோங்’ என்ற கருப்பு விழுது செய்து குழம்பில் சேர்க்கிறார்கள். ஊறவைத்தல், அரைத்தல், நெடுநேரம் காய்ச்சுதல் என்று பல படிகளில் நஞ்சைப் போக்கும் பரம்பரைக் கைப்பக்குவம் அது.

பக்குவம் தெரிந்தவரிடம் நேரில் கற்காமல் வீட்டில் முயல வேண்டாம். குழந்தைகள் கடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தின்றபின் தலைசுற்றல், வாந்தி, மூச்சுத்திணறல் வந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.