அட்டவணை 1.5 எம்பி, போனுக்கு வந்தது 4 எம்பி: எங்கே கூடியது?

கேள்வி: எங்கள் ஊர் பால் சொசைட்டிக்கு நானே ஒரு சின்ன வலைப்பக்கம் செய்து கொடுத்திருக்கிறேன். பிஎச்பி, மைஎஸ்க்யூஎல். 300 பேர் பால் ஊற்றுகிறார்கள். காலை, மாலை இரண்டு வேளைக்கும் சேர்த்து மாதம் 18,000 வரிசை. இதுவரை ஒரு மாதக் கணக்குதான் ஏறியிருக்கிறது. பால் அட்டவணையின் அளவு 1.5 எம்பி என்று பிஎச்பிமைஅட்மின் காட்டுகிறது. ஆனால் அம்மா போனில் பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு தடவையும் 4 எம்பிக்கு மேல் போய்விடுகிறது. குவெரி தரும் முடிவின் அளவைச் சரியாகப் பார்ப்பது எப்படி?
- வாசகி, பாகூர்

பதில்: பாகூர் ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது ஒரு கணக்கு, மதகு வழியாக உங்கள் வயலுக்கு எவ்வளவு வந்தது என்பது வேறு கணக்கு. நீங்கள் பார்த்த 1.5 எம்பி ஏரிக் கணக்கு. அதுவும் தோராயம்தான். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி, வட்டில் 16 கேபி பக்கங்களாக இடம் பிடித்து வைக்கிறது. அந்தப் பக்கங்களின் கூட்டுத்தொகையைத்தான் அட்டவணையின் அளவாகச் சொல்கிறது.

உங்கள் குவெரி உறுப்பினர் அட்டவணையையும் ஜாயின் செய்து பெயர், ஊர் இரண்டையும் எடுக்கும் என்று நினைக்கிறேன். பெருக்கம் தொடங்குவது அங்கேதான். அட்டவணையில் ஒருவர் பெயர் ஒரே ஒரு தடவை இருக்கிறது. முடிவிலோ அதே பெயர் மாதத்தில் 60 தடவை வருகிறது.

அதிலும் நம் எழுத்து யூடிஎஃப்-8இல் இடம் கூடுதலாகக் கேட்கும். ‘பாகூர்’ என்பதை மூன்று எழுத்து என்றுதான் பள்ளியில் படித்தோம். கணினிக்கு அது ப, கால், க, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று ஆறு குறியீடு. குறியீட்டுக்கு 3 பைட் வீதம் 18 பைட். ‘வில்லியனூர்’ 11 குறியீடு, 33 பைட். ஆகவே மைஎஸ்க்யூஎல்லில் கேரக்டர் லென்த் என்ற ஃபங்ஷனை நம்பாதீர்கள். அது பாகூருக்கு 6 என்று சொல்லும். வெறும் லென்த் என்பதுதான் பைட்டை எண்ணி 18 என்று சொல்லும்.

முதல் அளவு இப்படி: குவெரியில் வரும் ஒவ்வொரு பத்திக்கும் லென்த் போட்டு, ஒன்றாகக் கூட்டி, மேலே சம் போடுங்கள். இதில் ஒரு பள்ளம் உண்டு. ஒரு பத்தி காலியாக (‘நல்’ என்று) இருந்தால் அந்த வரிசையின் கூட்டலே காலியாகிவிடும், சம் அந்த வரிசையை ஓசையில்லாமல் விட்டுவிடும். ஒருநாள் கொழுப்புச் சோதனை நடக்காமல் அந்த இடம் காலியாக இருந்தால், அந்த வேளையின் மொத்த வரிசையும் கணக்கில் வராது. ஆகவே ஒவ்வொரு லென்த்தையும் கோலெஸ் கொண்டு சுற்றி, காலியானால் பூஜ்யம் என்று எழுதுங்கள்.

பெயருக்குச் சராசரியாக 12 குறியீடு, ஊருக்கு 6 என்று வைத்து உங்கள் முடிவைப் போட்டுப் பார்த்தேன். தேதி, வேளை, உறுப்பினர் எண், பெயர், ஊர், லிட்டர், கொழுப்பு, தொகை ஆகிய எட்டுப் பத்திக்கும் சேர்த்து வரிசைக்கு 91 பைட் வருகிறது. 18,000 வரிசைக்கு 16.4 லட்சம் பைட். மைஎஸ்க்யூஎல் இதை அனுப்பும்போது ஒவ்வொரு வரிசைக்கும் 4 பைட் தலைப்பும், இத்தகைய சிறு மதிப்புகளுக்குப் பத்திக்கு 1 பைட் நீளக் குறிப்பும் சேர்க்கும். ஆக சுமார் 18.5 லட்சம்.

இதை நேராகவே சரிபார்க்கலாம். பைட்ஸ் சென்ட் என்ற செஷன் ஸ்டேட்டஸ் எண்ணைக் குவெரிக்கு முன்னும் பின்னும் எடுத்துக் கழியுங்கள். இரண்டும் ஒரே இணைப்பில் நடக்க வேண்டும். பிஎச்பிமைஅட்மினில் செய்யாதீர்கள்; அது தானாகவே லிமிட் சேர்த்து 25 வரிசையோடு நிறுத்திவிடும், எண் மிகச் சிறிதாக வந்து உங்களை ஏமாற்றும். கமாண்ட் லைனில் செய்யுங்கள்.

18.5 லட்சம் எப்படி 4 எம்பிக்கு மேல் ஆனது? உங்கள் பக்கம் முடிவை போனுக்கு ஜேசனாக அனுப்புகிறது என்று நினைக்கிறேன்; மீதி முழுவதும் ஜேசன் செய்த வேலை. பத்திப் பெயர்களை அது ஒவ்வொரு வரிசையிலும் திரும்ப எழுதுகிறது. அதைவிட மோசம், பிஎச்பியின் ஜேசன் என்கோட் தமிழை அப்படியே விடுவதில்லை. ஒவ்வொரு குறியீட்டையும் பேக்ஸ்லாஷ், யூ, நான்கு இலக்கம் என்று 6 பைட்டாக மாற்றுகிறது. பாகூர் 36 பைட் ஆகிவிடுகிறது! பத்திகளுக்குச் சிறிய ஆங்கிலப் பெயர் வைத்திருந்தாலும் வரிசைக்குச் சுமார் 243 பைட், மொத்தம் 43.7 லட்சம். அம்மாவின் போன் சொன்னது சரிதான்.

ஜேசன் என்கோடுக்கு அன்எஸ்கேப்ட் யூனிகோட் என்ற ஒரே ஒரு தேர்வைக் கொடுங்கள், சுமார் 32 லட்சத்துக்கு இறங்கும். வெப் சர்வரில் ஜிசிப்பை இயக்கினால் இன்னும் நிறையவே குறையும்; பத்திப் பெயர்களும் ஊர்ப் பெயரும் மாறாமல் திரும்பத் திரும்ப வருவதால் நன்றாகச் சுருங்கும். குரோமின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்தால் சுருக்கி வந்த அளவு, விரித்த அளவு இரண்டையும் பார்க்கலாம். டேட்டா பேக்கில் கழிவது முதலாவது.

ஆனால் நான் உண்மையில் கேட்க நினைப்பது வேறு. தன் பாலுக்கு எவ்வளவு வரும் என்று பார்க்க வருகிற அம்மாவுக்கு 299 பேர் கணக்கு எதற்கு? அடுத்தவர் வரவு அவர் போனுக்குப் போவதே சரியில்லை. உறுப்பினர் எண்ணை வேர் நிபந்தனையில் போடுங்கள். 60 வரிசை, ஜிசிப் இல்லாமலே பத்துப் பதினோராயிரம் பைட். சொசைட்டிச் செயலாளருக்குத்தான் எல்லோருடைய கணக்கும் வேண்டும்; அவருக்கும் ஆளுக்கு ஒரு மொத்தமாக குரூப் பை செய்து 300 வரிசை கொடுத்தால் போதும்.

கேள்வி: கோயில் தேர்த் திருவிழா பற்றி ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிய குறிப்புகளை போஸ்ட்கிரெஸில் வைத்திருக்கிறோம். பிஜி காலம் சைஸ் போட்டுக் கூட்டினால் 2 எம்பி. ஏற்றுமதி செய்த கோப்போ 5 எம்பி. ஏதாவது இரட்டிப்பாகிறதா?
- வாசகர், வில்லியனூர்

பதில்: இல்லை. நீளமான உரை உள்ள வரிசை ஏறக்குறைய 2 கேபியைத் தாண்டினால் போஸ்ட்கிரெஸ் அந்த உரையைத் தானாகச் சுருக்கி வைக்கும். பிஜி காலம் சைஸ் சொல்வது சுருக்கி வைத்த அளவை. வெளியே வரும்போது உரை விரிந்துதான் வரும். ஆக்டெட் லென்த் போட்டுக் கூட்டிப் பாருங்கள், 5 எம்பிக்கு அருகில் வரும். எக்ஸ்பிளைன் காட்டும் வித் என்ற எண்ணை வரிசை எண்ணிக்கையால் பெருக்கிப் பார்ப்பவர்களும் உண்டு. அது திட்டமிடும்போது போடும் உத்தேசம், அதுவும் இருப்பில் உள்ள சராசரியைக் கொண்டு போடுவது. உங்கள் குறிப்புகள் போன்ற நீள உரைக்கு உதவாது. சந்தேகமில்லாத எண் வேண்டுமானால் குவெரியை காப்பி கட்டளையில் வைத்து, வெளியீட்டை லினக்ஸின் டபிள்யூசி மைனஸ் சி வழியாக அனுப்புங்கள். அதிலும் வரி முறிவு ஒவ்வொன்றும் இரண்டு குறியாக எழுதப்படுவதால், பத்தி பத்தியாகப் பிரித்து எழுதிய குறிப்புகளுக்குச் சில பைட் கூடுதலாகக் காட்டும்.