வானிலிருந்து ஒரு வெள்ளப் படம்

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் சென்னையில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. மறுநாள் காலை வரையிலான ஒருநாள் கணக்கில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. எனப் பதிவாயிற்று. அடையாற்றின் இருகரையிலும் வீடுகள் மூழ்கின. அத்தகைய இரவில் எந்தத் தெருவுக்கு முதலில் படகை அனுப்புவது? புவியியல் மாணவர்கள் பயிலும் தொலையுணர்வுக் கலை இவ்வினாவுக்கு எவ்வளவு தூரம் விடை தரும் என்பதை ஈண்டு நோக்குவோம்.

செயற்கைக்கோளின் சாதாரண ஒளிப்படக் கருவி சூரிய ஒளியை நம்பி இயங்குவது. அகச்சிவப்புக் கதிர்களை நீர் விழுங்கிவிடுவதால் ஏரி கருமையாகத் தோன்றும். மேகம் குறுக்கே நின்றாலோ ஏரியும் இல்லை, ஊரும் இல்லை! எனவே வெள்ள நாட்களில் ரேடார் தேவைப்படுகிறது. அது தானே அலைகளை அனுப்பி, திரும்பி வருவதை அளப்பது; மேகமும் இருளும் அதற்குத் தடையல்ல. அமைதியான நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் அலையை அப்பால் தள்ளிவிடுவதால், நீர் நின்ற இடம் கருமையாகத் தெரியும்.

வயல்வெளிக்கு இவ்விதி நன்கு பொருந்தும். நகரத் தெருவில் அப்படியன்று. தெருநீரில் பட்ட அலை பக்கத்துச் சுவரில் மோதிச் செயற்கைக்கோளுக்கே திரும்பிவிடுகிறது. கருமை தோன்ற வேண்டிய இடத்தில் வெளிச்சம் தோன்றுகிறது. இடுப்பளவு நீரில் மக்கள் நிற்கும் தெரு, படத்தில் உலர்ந்த தெருவாகிவிடலாம். படத்தை மட்டும் நம்பினால் படகு அங்கே போகாது.

மேடு பள்ளக் கணக்கிலும் இத்தகைய சிக்கல் உண்டு. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து எடுக்கப்பட்ட உயர அளவீட்டை இன்றும் பலர் பயன்படுத்துகின்றனர். அதில் சில மீட்டர் பிழை வரும். கட்டடங்களின் உயரமும் தரையின் உயரத்தோடு கலந்துவிடும். ஒரு மீட்டர் வேறுபாடே வெள்ளத்தின் போக்கை மாற்றும் சமதளமான சென்னையில், மாடிவீடுகள் நெருங்கிய பள்ளம் மேடாகக் காட்சியளிப்பது சிறிய பிழையாகுமா?

பழைய நிலப்படங்களை உடன்வைத்துப் பார்ப்பதே இதற்கு ஓரளவு மாற்று. தியாகராய நகர் எழுந்த இடத்தில் முன்பு மாம்பலம் நீண்ட ஏரி இருந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் சுருங்கிய கதையும் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் விளங்கும். அதன் பின்னரே வீடுகளைக் குறிக்க வேண்டும். கூரை தெரியுமேயன்றி, அதன் கீழே மாடிக்கு ஏற இயலாத முதியவர் இருக்கிறாரா என்பது படத்தில் தெரியாது.

ஆகவே வெள்ளம் வடிந்ததும் களத்திற்குச் செல்ல வேண்டும். சுவர்களில் நீர்க்கறை எந்த உயரம்வரை ஏறியிருக்கிறது என்று அளக்க ஓர் அளவுநாடா போதும். பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்கு முன்பே சென்றுவிட வேண்டும். பின்னர் அந்தக் கறை கிடைக்காது.