நீலப் பெட்டிகளைப் படம் பிடிப்பது பற்றி

பழைய ரயில் பெட்டிகள் என்றவுடனே ரசிகர்களின் மனம் மைசூர் ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கும் மகாராணியாரின் சலூனையோ, மேட்டுப்பாளையத்திலிருந்து நீலகிரி மலை ஏறும் மரப்பெட்டிகளையோ நாடிச் செல்வது இயல்பு. அவற்றைக் காக்கப் பலர் இருக்கிறார்கள். பழனியில் வசித்துக்கொண்டு நெடுங்காலமாகப் பெட்டிகளைப் படம் பிடித்துவரும் எனக்கோ, நம் ஊர் ஸ்டேஷனில் எவரும் திரும்பிப் பாராமல் வந்து நின்று போகும் சாதாரண நீலப் பெட்டிகளின் மீதுதான் கவலையெல்லாம்.

அதற்குக் காரணம் உண்டு. திண்டுக்கல்லிலிருந்து பழனி வழியாகப் பொள்ளாச்சி செல்லும் மார்க்கம் 1928இல் மீட்டர் கேஜாகத் திறக்கப்பட்டு, பழனி வரை 2012இலும் அதற்கு மேற்கே 2015இலும் அகலப் பாதையாக மாறியது. இடைப்பட்ட எண்பதாண்டுகளுக்கும் மேலாகத் தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் காவடிகளைச் சுமந்துவந்த அந்தச் சிறிய பெட்டிகளின் தெளிவான படம் ஒன்று வேண்டுமென்று தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தேன். எஞ்சின் படம் கிடைத்தது, மலைப் படம் கிடைத்தது, பெட்டியின் படம் அபூர்வமாகவே கிடைத்தது. தினமும் கண்ணில் படுகிற பொருளைப் படம் பிடிக்க யாருக்குத் தோன்றும்? 1955இல் தொடங்கப்பட்ட பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, சுவிட்சர்லாந்து நாட்டு வடிவமைப்பைத் தழுவிச் செய்துவந்த இன்றைய நீலப் பெட்டிகளில் கடைசியானதை 2018 ஜனவரியில் வெளியே அனுப்பிவிட்டது. ஆகவே இப்போது ஓடிக்கொண்டிருப்பவை தேயுமே தவிர வளரா.

படம் பிடிக்கும் முன் பெட்டியைப் படிக்கக் கற்க வேண்டும். பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் அது செய்யப்பட்ட ஆண்டைக் குறிப்பவை. 98 என்று தொடங்கினால் 1998. வர்ணத்தை மட்டும் நம்பி வயதை நிர்ணயிக்கலாகாது, ஏனெனில் செங்காவி நிறத்தில் பிறந்த பெட்டி நீலமாகிப் பின்னர் வேறு நிறமும் பூண்டிருக்கக்கூடும். இரு முனைகளிலும் துருத்தி நிற்கும் வட்டமான பஃபர்கள், அவற்றினிடையே கையால் முறுக்கி இறுக்கும் திருகுக் கொக்கி, அடிச்சட்டத்தின் கீழே சக்கர அச்சிலிருந்து டைனமோவைச் சுழற்றி விளக்குக்கும் மின்விசிறிக்கும் மின்சாரம் தரும் பெல்ட், ஜன்னலின் குறுக்குக் கம்பிகள் ஆகிய இவையே பழைய பெட்டியின் அங்க லட்சணங்கள். எல்.எச்.பி. என்னும் புதிய வகைப் பெட்டிகளில் அந்தப் பக்கவாட்டுப் பஃபர்களைக் காண முடியாது. பெட்டி நிற்கும் பிளாட்பாரத்திலேயே நின்று எடுத்தால் அடிப்பாகம் முழுவதும் மறைந்துபோகும். எதிர்ப் பிளாட்பாரத்துக்குச் சென்று, பெட்டிக்கு நேராக நின்று, அகலக் கோண லென்ஸைத் தவிர்த்து எடுங்கள்.

வெளிச்சத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லலாம். பழனியில் தண்டவாளம் ஏறக்குறைய கிழக்கு மேற்காக ஓடுகிறது. தண்டாயுதபாணியின் மலை அதற்குத் தெற்கே இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் பெட்டியின் தென்புறம் மட்டுமே ஒளி பெறும். அப்போது மலை நம் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. மலையும் பெட்டியும் ஒருங்கே படத்தில் அமைய வேண்டுமானால், சூரியன் வடக்கே சென்றிருக்கும் வைகாசி, ஆனி மாதங்களின் காலை நேரத்தில் வடபுறத்திலிருந்து எடுப்பதே உசிதம். கருநீலப் பரப்பைக் கண்ட கேமரா தானாக ஒளியைக் கூட்டி வானத்தை வெளிற அடித்துவிடும்; சிறிது குறைத்து வைத்தால் ஜன்னல் கம்பிகளின் நிழல்கூடப் பதியும்.

நீலகிரிக்குப் போகிறவர்கள், பெட்டியின் முன் வராந்தாவில் நிற்கும் பிரேக்ஸ்மேனைச் சேர்த்தே படம் பிடிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். எஞ்சின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு குன்னூர் ஏறும் அந்த வண்டியில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒருவர் நின்று கையால் பிரேக் பிடிப்பது, நம் நாட்டில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காத காட்சி. அங்கே பழைய ஜாடையில் பெரம்பூரில் செய்த புதிய பெட்டிகளும் ஓடுகின்றன. எனவே பலகைச் சுவரையும் ஆணிகளையும் கூர்ந்து கவனித்த பின்னரே பழையது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பிளாட்பாரம் டிக்கெட் வாங்குவதும், ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுப்பதும் நல்லது. தண்டவாளத்தில் இறங்குவது ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவின்படி குற்றம். அது உயிருக்கும் ஆபத்து. எத்தனை நல்ல படத்துக்காகவும் இறங்க வேண்டாம்.

பிரயாணிகளைச் சுமந்து ஓய்ந்த பெட்டிகளில் பல, ஜன்னல்களை இரும்புத் தகட்டால் அடைத்து, கார் ஏற்றிச் செல்லும் சரக்குப் பெட்டிகளாக மாற்றப்படுகின்றன. அவற்றையும் விடாமல் எடுங்கள். தகட்டுக்கு அடியில் பழைய ஜன்னல்களின் வரிசை புடைத்துத் தெரியும். ஒவ்வொரு படத்தோடும் தேதி, இடம், வண்டியின் பெயர், பெட்டி எண் ஆகிய நான்கையும் அன்றிரவே எழுதி வைத்துவிடுங்கள்.